முதுகெலும்புப் பட்டம்

வேலங்குடிச் சமஸ்தானத்தைச் சுந்தரபூபதி ஆண்டபோது நடந்த சங்கதி இது. ராஜா நல்லவர்தான். வாய் நிறையப் பாராட்டுவார். கை மட்டும் கொஞ்சம் தாமதமாக நீளும்.

அவரிடம் ஒரு ராயசம் இருந்தார். ராயசம் என்றால் அரண்மனை எழுத்து வேலை பார்ப்பவர். ராஜா சொல்வதை ஓலையில் எழுதுவதுதான் முதலில் அவர் வேலை. போகப் போக, ராஜா என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே எழுதினார். யாரை எப்போது உள்ளே விடுவது, யாரை எங்கே உட்கார வைப்பது, சமையல்காரர் சண்டை, யானைப்பாகன் விடுப்பு எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தன. நிற்கிற இடம் மட்டும் மாறவில்லை. அதே வாசல் தூண் ஓரம்.

ஒருநாள் கேட்டே விட்டார். "மகாராஜா, ஆலோசனை சபையில் எனக்கும் ஓர் ஆசனம் வேண்டும். அங்கே பேசுவது காதில் விழுந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும்."

அமைச்சர் அனந்தப்பருக்கு இது பிடிக்கவில்லை. "ஆசனம் கொடுத்தால் நாளைக்கு யோசனையும் சொல்வார். நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லி அனுப்பிவிடுங்கள்" என்று ராஜாவின் காதைக் கடித்தார்.

மறுநாள் சபையில் ராயசத்துக்குச் சம்பங்கி மாலை விழுந்தது. "இந்த அரண்மனையின் முதுகெலும்பே நம் ராயசம்தான்" என்றார் ராஜா. எல்லோரும் கை தட்டினார்கள். ஆசனத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

ராயசம் மாலையைக் கழற்றினார். நேரே போய்ச் சிம்மாசனத்துக்குப் பின்னால் விறைப்பாக நின்றுகொண்டார்.

"அங்கே என்ன செய்கிறீர்?"

"முதுகெலும்பு வேறெங்கே இருக்கும், மகாராஜா?"

சபை சிரித்தது. ராயசம் சிரிக்கவில்லை, நகரவும் இல்லை. ஓலைகள் வந்தன. அவர் தொடவில்லை. "முதுகெலும்புக்குக் கை கிடையாதே" என்றார்.

"போகட்டும், அந்தச் சில்லறை வேலையை நானே பார்க்கிறேன்" என்றார் அனந்தப்பர்.

அந்த வாரமே அண்டை நாட்டுத் தூதர் வந்தார், ஆற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேச. பேச்சு முறிந்தால் வேலங்குடி வயல்கள் காய வேண்டியதுதான். வாசலில் அவரை வரவேற்க ஆளில்லை. சேனாதிபதி ஏற்பாடு செய்திருப்பார் என்று அனந்தப்பர் நினைத்தார். அனந்தப்பர் செய்திருப்பார் என்று சேனாதிபதி நினைத்தார். தூதர் உச்சி வெயில் வரை நின்று பார்த்தார். பிறகு, "வண்டியைத் திருப்பு" என்றார்.

செய்தி சபைக்கு வந்ததும் ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. பின்னால் திரும்பினார். "ஓய், போய் ஏதாவது பேசும்."

"முதுகெலும்புக்கு வாயும் கிடையாது, மகாராஜா."

"அந்தப் பட்டத்தை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆசனம் தருகிறேன். போம்."

ராயசம் ஓடினார். கொஞ்ச நேரத்தில் தூதரோடு திரும்பி வந்தார். தூதர் வாயில் வெற்றிலை சிவந்திருந்தது. சாயங்காலத்துக்குள் ஒப்பந்தம் முடிந்தது. ஆற்றில் வழக்கமான பங்குத் தண்ணீர் வரும் என்றாயிற்று.

"அப்படி என்ன சொல்லி அழைத்து வந்தீர்?" என்று கேட்டார் ராஜா.

"சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அதுவரை யாருமே கேட்கவில்லையாம்."

ராஜா உடனே ஆசனம் போடச் சொன்னார். மனசு அதோடு நிற்கவில்லை. "இதற்கு மேல் பெரிய பட்டமாக ஒன்று கேளும். எதுவானாலும் தருகிறேன்."

"பட்டமே வேண்டாம், மகாராஜா. மற்றவர்களைக் கூப்பிடுவது போல என்னையும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்."

"இவ்வளவுதானா? இப்போதே கூப்பிடுகிறேன்" என்று வாயைத் திறந்த ராஜா அப்படியே நின்றார். அனந்தப்பரைப் பார்த்தார். அனந்தப்பர் சேனாதிபதியைப் பார்த்தார். சேனாதிபதி மேல்கூரையைப் பார்த்தார்.

சபையில் யார் பேர் மறந்தாலும் ராஜா என்ன செய்வாரோ, அதையே இப்போதும் செய்தார். மெல்ல ராயசத்தின் பக்கம் சாய்ந்து, காதோடு கேட்டார்:

"ஓய், உம்ம பேர் என்ன?"