தக்காளியில் சோதித்த கத்தி

செங்கமலத்தின் கத்திப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எதை வெட்டுவதற்காகக் கத்தியைச் செய்தாளோ, அதை வெட்டிக் காட்டிய பிறகுதான் உத்தரவாதம் கொடுப்பாள். காய்கறிக் கத்தி என்றால் தக்காளி.

அவளிடம் தொழில் கற்ற மாசிலாமணி அவளைவிட மூத்தவர். மனைவி பூரணி பிறந்த ஊருக்குப் போய்விட்ட பிறகு, வெறும் வீட்டில் இருக்க முடியாமல் வந்து சேர்ந்தவர். மாலையில் அந்த ஊர் பஸ் வரும் சத்தம் கேட்டால் மனுஷனுக்குக் கை ஓடாது. இன்றைக்காவது இறங்கிவிடமாட்டாளா என்று அப்படி ஓர் ஏக்கம்.

அன்று ஒருவர் முனை முறிந்த கத்தியோடு உத்தரவாதம் கேட்டு வந்தார். மாசிலாமணி முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"டப்பா மூடியை நெம்பினீங்களா?"

"ஒரு தடவைதாங்க."

"உத்தரவாதம் காய் நறுக்கத்தான். நெம்புறதுக்கு இல்ல."

வந்தவர் தலையைச் சொறிந்தார். செங்கமலம் கத்தியை வாங்கி, வேறு முனை தீட்டிக் கொடுத்தாள். நீளம் கொஞ்சம் குறைந்திருந்தது. அவர் சந்தோஷமாகத்தான் போனார்.

மாசிலாமணி செங்கமலத்தின் பக்கம் திரும்பினார்.

"என்ன ஆனாலும் கூட இருப்பேன்னு பூரணி சொன்னாம்மா. அது உத்தரவாதம் இல்லையா?"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சும்மா சோதிச்சுப் பார்த்தேன். பேசாம இருந்தேன், பொறுத்துக்கிட்டா. சமைச்சதைத் தள்ளி வெச்சேன், அதையும் பொறுத்துக்கிட்டா. கடைசியில, 'வீட்டை விட்டுப் போ'ன்னு சொல்லிப் பார்த்தேன்."

செங்கமலம் ஒரு புதுக் கத்தியை அவர் கையில் கொடுத்தாள். அவர் தக்காளியை வெட்டினார். துண்டு நசுங்காமல் மெல்லிசாக விழுந்தது.

"இப்போ அந்தக் கல்லு மேல ஓங்கிப் போடுங்க."

"எதுக்கு?"

"நல்ல கத்தியான்னு பார்க்கத்தான்."

"அதான் தக்காளியிலேயே தெரிஞ்சுபோச்சே!"

சொன்னவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கத்தியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

வெளியே பூரணி ஊர் பஸ் வந்து நின்றது. அதற்கு இதுதான் கடைசி நிறுத்தம். இங்கேயே திரும்பி அதே ஊருக்குப் போகும். மாசிலாமணி எட்டிப் பார்த்தார். யார் யாரோ இறங்கினார்கள்.

"அவ வருவாளாம்மா?"

"இங்க முறிஞ்ச கத்தி எத்தனையோ வந்திருக்குண்ணே. ஒண்ணுகூடத் தானா நடந்து வந்ததில்ல. முறிச்சவங்கதான் வந்திருக்காங்க." செங்கமலம் அவர் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "பஸ் இன்னும் கிளம்பல."