இளவேனிலுக்கு ஒரு கம்ப்யூட்டர்

திருச்சி பாலக்கரையில் ஜெசிந்தா என்று ஒருத்தி. கேம் விளையாடுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுப்பது அவள் தொழில். வயது முப்பத்துமூன்று. சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் அவளைத் தேடி ஆட்கள் வருவார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டாள் என்று ஒரு பேச்சும் இருந்தது.

ஏகாம்பரம் அவளிடம் வேலை கற்க வந்தபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வலது முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலையாக ஒன்று வேண்டியிருந்தது. கை சும்மா இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

பத்து மாதத்தில் தேறிவிட்டார். எந்த பிராசசருக்கு எந்த மதர்போர்டு, எந்த கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எது எவ்வளவு சூடாகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன்னைவிடச் சின்னவளை டீச்சர் என்று கூப்பிட அவருக்குக் கூச்சமில்லை. அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒரு நாள் காலை அவர் கேட்டார்.

"டீச்சர், இருக்கறதுலயே நல்ல மெஷின்னா எதை எதைப் போடணும்?"

ஜெசிந்தா ஒரு மின்விசிறியின் இறக்கைகளைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கட்டிப் பாருங்களேன்" என்றாள்.

அந்த வாரமே இளவேனில் வந்தாள். இருபத்திரண்டு வயது, ஒல்லியான பெண். ஐந்து பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றில் அவள் கெட்டிக்காரி. அவளுடைய அணியில் மற்ற நான்கு பேரும் வேறு வேறு ஊர்க்காரர்கள். அடுத்த மாதம் தகுதிப் போட்டி. அதில் ஜெயித்தால் ஹைதராபாத்தில் இறுதிச் சுற்று. அணிக்கு ஆதரவு தரும் நிறுவனம் ஒன்று அவளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தர முன்வந்திருந்தது. விலையைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தது.

"அப்பா ஒரு வருஷம் டைம் குடுத்திருக்காரு சார். அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா ஆச்சு. இல்லன்னா வேலைக்குப் போயிடணும். எட்டு மாசம் போயிடுச்சு."

"மானிட்டர் வேணுமாம்மா?" என்றார் ஏகாம்பரம்.

"வீட்ல இருக்கு சார்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்குக் கை பரபரத்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டார். ஒவ்வொரு பாகத்திலும் சந்தையில் எது உச்சமோ அது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட். வண்ண விளக்கு எரியும் ஒன்பது மின்விசிறிகள். பட்டியலை ஜெசிந்தாவிடம் நீட்டினார். அவள் மேலிருந்து கீழே வரை ஒரு தடவை படித்தாள்.

"எல்லாமே நல்ல சாமான்தான்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மெஷின் தயாரானது. கடையின் ஏசி அறையில் ஒரு பகல் முழுக்க ஓட விட்டார்கள். விளையாட்டை நொடிக்கு நானூறு காட்சிகளாக வரைந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஏகாம்பரம் அதன் பக்கத்தில் நின்று செல்போனில் ஒரு படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோன பத்தாவது நாள் இளவேனில் அதை ஆட்டோவில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"ஏம்மா, ஓடலையா?"

"ஓடுது சார். எனக்கு வேண்டாம்."

"என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்ல சார். எடுத்துக்கங்க. நான் ஆடலை, விட்டுட்டேன்."

அவள் கண் சிவந்திருந்தது. ஆட்டோக்காரர் பெட்டியை இறக்கி வைத்தார். அவள் அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

ஏகாம்பரம் மெஷினைப் பிரித்தார். ஒவ்வொரு பாகமாகச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி பூட்டினார், ஓட்டினார். நானூறு காட்டியது.

"ஒரு குறையும் இல்ல டீச்சர். இந்தப் பொண்ணு எதுக்கு வேணாங்குது?"

ஜெசிந்தா சாவிக்கொத்தை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவளுடைய ஸ்கூட்டரின் சாவி அதில் இருந்தது.

"இதை அங்கயே கொண்டு போய் வைங்க. வச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்துட்டு வாங்க. ஸ்குரூ டிரைவர் எடுத்துட்டுப் போகாதீங்க."

"அது இல்லாம நான் அங்க போய் என்ன செய்ய?"

அவள் அடுத்த வேலையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

உறையூரில் ஒரு பழைய கட்டடம். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த ஏகாம்பரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். பெட்டியை இளவேனில் தூக்கிக்கொண்டாள். வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் முழங்கால் வலியோடு வந்து நிற்கிற மனிதரை எப்படித் திருப்பி அனுப்புவது?

"ஒரே ஒரு நாள் ஆடிக் காட்டும்மா. நான் ஓரமா இருக்கேன்."

மேலே சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. ஒரே அறைதான், நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். அம்மா ஜவுளிக்கடையில் வேலை, இருட்டிய பிறகுதான் வருவாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா ராசமாணிக்கம் படுத்திருந்தார். ஓர் இரவு சென்னைக்கும் மறு இரவு திருச்சிக்குமாகப் பஸ் ஓட்டுகிறவர். காலையில் வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பார்.

அணியின் பயிற்சி மதியம் இரண்டு மணிக்கு. மற்ற நான்கு பேருக்கும் அந்த நேரம்தான் தோது.

ஏகாம்பரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஷீட்டிலிருந்து வெக்கை இறங்கியது. அரை மணி நேரத்தில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மெஷினும் சூடாகத் தொடங்கியது. கண்ணாடி முகப்பு காற்றை உள்ளே விடவில்லை. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் எடுத்தன. கடையில் கேட்காத சத்தம், கிரைண்டர் ஓடுவது போல.

இளவேனில் மைக்கை வாயருகே இழுத்து ரகசியம் பேசுவது போலத்தான் பேசினாள். ஹெட்போனில் அணித் தோழர்கள், "வேனில், ஒரே காத்துச் சத்தமா இருக்கு, ஒண்ணும் கேக்கல" என்றார்கள். அவள் குரலை உயர்த்தினாள். மறுபடி கேட்கவில்லை என்றார்கள். இன்னும் உயர்த்தினாள்.

"லெஃப்ட்ல ரெண்டு பேர்! ரெண்டு பேர்!"

தடுப்புக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

இளவேனில் வாயை மூடிக்கொண்டாள். அந்த ஆட்டத்தில் அதன்பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அணி தோற்றது.

ஏகாம்பரம் எழுந்து அவள் பின்னால் போய் நின்றார். மானிட்டரைப் பார்த்தார். கல்லூரிக் காலத்து மானிட்டர். நொடிக்கு அறுபது காட்சிக்கு மேல் அதனால் காட்ட முடியாது. தான் கட்டிய மெஷின் நானூறு வரைய, இது முந்நூற்று நாற்பதைக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் இருக்கு சார் என்று அவள் சொன்னபோது என்ன மானிட்டர் என்று தான் கேட்கவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ராசமாணிக்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கண்கள் கோவைப்பழமாக இருந்தன. மகள் காதில் விழாதபடி ஏகாம்பரத்தை வாசலுக்குக் கூட்டிப் போனார்.

"ஆடாதேன்னு நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல சார் அவகிட்ட. அவளாத்தான் ஆட மாட்டேங்கறா. நல்லா ஆடுவா. எனக்கு அதுல ஒண்ணும் புரியாது, ஆனா அவ ஆடும்போது முகத்தைப் பாத்திருக்கேன்."

"நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?"

"அது கிடக்கு சார்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "போன வாரம் விழுப்புரம் பக்கத்துல ஒரு நொடி கண்ணு சொக்கிடுச்சு. பின்னாடி நாப்பது பேரு தூங்கறாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து இவகிட்ட உளறிட்டேன். மறுநாளே மெஷினைத் தூக்கிட்டு உங்ககிட்ட வந்துட்டா."

ஏகாம்பரம் படியிறங்கும்போது முழங்கால் வலி அவருக்குத் தெரியவில்லை.

கடைக்கு வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெசிந்தா தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்து, உறையூரில் பார்த்ததையும் ராசமாணிக்கம் சொன்னதையும் அவளிடம் சொன்னார்.

"என் லிஸ்ட்டைப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரியும்தானே டீச்சர்?"

"அவங்க வீடு எனக்குத் தெரியாது அண்ணே."

"ஆனா ஏதோ தப்புன்னு தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நான் சொன்னதைப் போட்டிருப்பீங்க." அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். "ஆனா அந்தப் பொண்ணோட அப்பா பஸ் ஓட்டறவர்னு எனக்குத் தெரியாது. அது என் தப்பு. தெரிஞ்சிருந்தா உங்களை அன்னிக்கே அனுப்பியிருப்பேன்."

இப்படி அவள் ஒப்புக்கொண்டதை ஏகாம்பரம் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் புதிதாகப் பட்டியல் போட்டார். இந்தத் தடவை எந்த உச்சமும் அதில் இல்லை. நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு, மின்சாரம் குறைவாக இழுப்பது. சூடு குறைந்த பிராசசர். முன்பக்கம் கம்பி வலை போட்ட சாதாரணக் கருப்புக் கேபினட். ஒன்பது மின்விசிறிக்குப் பதில் பெரியதாக மூன்று, மெதுவாகச் சுற்றுபவை. மிச்சமான பணத்தையெல்லாம் மானிட்டரில் போட்டார். நொடிக்கு இருநூற்று நாற்பது காட்சி காட்டும் மானிட்டர். நிறுவனத்துக்குப் போன் செய்து மாற்றத்தைச் சொன்னார். விலை குறைந்த மெஷின் ஏன் என்று அவர்கள் கேட்டார்கள். அவர் பொறுமையாக விளக்கினார்.

இந்த முறை ஏசி அறையில் ஓட்டிப் பார்க்கவில்லை. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு அங்கே வைத்து ஓட்டினார். பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு படுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு மின்விசிறியைக் கழற்றி வேறு மாட்டினார். நான்காம் நாள் மதியம் ஜெசிந்தா அவரைச் சாப்பிடக் கூப்பிட வந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருக்க, அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மெஷின் உறையூருக்குப் போனது. பெட்டியைத் திறந்ததும் இளவேனிலின் முகம் கொஞ்சம் வாடியது. விளக்கில்லை, கண்ணாடியில்லை. ஏகாம்பரம் மெஷினையும் புது மானிட்டரையும் பூட்டி வைத்துவிட்டு, பழைய மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். தகுதிப் போட்டிக்குப் பதினோரு நாள் இருந்தது.

போட்டி ஒரு சனிக்கிழமை மதியம். அன்று அவர் எந்த வேலையையும் தொடவில்லை. இரண்டு மணிக்கு வாசலுக்குப் போனார். மூன்றுக்கு உள்ளே வந்தார். ஜெசிந்தா நிமிராமல் ஒயர்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாலரைக்கு அவர் செல்போன் அடித்தது.

"சார்." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "சார், ஜெயிச்சுட்டோம்."

"என்னம்மா? சத்தமாச் சொல்லு!"

"அப்பா தூங்கறாரு சார். ஜெயிச்சுட்டோம். ஹைதராபாத் போறோம்."

ஏகாம்பரம் எழுந்துவிட்டார். அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மெஷின் எப்படிம்மா ஓடுச்சு? எவ்வளவு காட்டுச்சு?"

அந்தப் பக்கம் அவள் யோசிப்பது தெரிந்தது.

"மெஷினா? அய்யோ, அதை நான் கவனிக்கவே இல்ல சார்."

போனை வைத்துவிட்டு அவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம்தான். ஆனாலும் ஏதோ ஒன்று விட்டுப்போனது போலவும் இருந்தது.

"ஜெயிச்சுட்டாளாம் டீச்சர்."

"மெஷின் எப்படியாம்?"

"கவனிக்கவே இல்லையாம்."

ஜெசிந்தாவின் கை நின்றது. அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்குக் கரூர்லேர்ந்து ஒருத்தர் வர்றாரு அண்ணே. நீங்களே பேசிடுங்க. லிஸ்ட்டை எனக்குக் காட்ட வேண்டாம். நான் வீட்டுக்குக் கிளம்பறேன்."