நட்ட மலையும் விட்ட மலையும்

முகில்குன்ற நாட்டில் அகோரநாதர் என்றொரு வன மந்திரி இருந்தார். ஒரு மரக்கன்று நட ஏழு மேளமும் இரண்டு யானையும் கேட்கிற ஆசாமி. பேச்சிலும் அதே பந்தாதான். 'வந்தோம்' என்று சொன்னால் கௌரவம் குறைந்துவிடுமாம். பழைய புலவர் மாதிரி 'வந்தம்' என்பார். 'உண்டோம்' என்று சொல்லமாட்டார், 'உண்டம்' என்பார். உண்டதில் மட்டும் எந்தக் குறையும் இல்லை.

முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால், மலையில் ஊசியிலை மரங்களை வெட்டிய இடத்தில் மறுபடி காடு வளர்க்கச் சொன்னார் பழைய ராஜா. கிழக்குச் சரிவு மந்திரிக்கு. மேற்குச் சரிவு மலைவாசிகளின் தலைவன் காடையனுக்கு.

மந்திரி ஊரைக் கூட்டி, தாராளமாக இடைவெளி விட்டு, வரிசை வரிசையாகக் கன்று நட்டார். காடையன் எதையும் நடவில்லை. நல்ல மரங்களாக நாற்பதை வெட்டாமல் அங்கங்கே தாய்மரமாக விட்டான். சுற்றிலும் மண்ணைக் கொத்திக் கீறினான். விதை தானே விழுந்தது. கன்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு முளைத்தன.

இப்போது புது ராஜா உத்தமராயர் கொலுமண்டபம் கட்டினார். கூரைக்கு விட்டம் வேண்டும். மந்திரி ஓடிவந்தார்.

"வேந்தே, ஒரே வயது மரங்கள். எமது மரத்தைக் கட்டிப்பிடிக்க ஒருவர் கை போதாது. காடையன் மரம் தொடைப் பருமன்தான். அந்தச் சோம்பேறிக் கூட்டத்தை மலையைவிட்டு இறக்கிவிட்டு, அதையும் எம்மிடம் தாரும். லாபம் கொட்டும்."

ராஜா தலையாட்டிவிட்டார். பருமனைப் பார்த்து மயங்குவது அரண்மனை வழக்கம். இருநூறு குடும்பங்களை இறக்கிவிட ஓலை தயாரானது.

"நாங்க அங்கதான் பொறந்தம், அங்கதான் வளந்தம். எங்க போவம் சாமி?" என்று காடையன் கைகட்டி நின்றான்.

அரசவை விகடகவி கொழுந்தப்பன் எழுந்தான். "அரசே, முத்திரை வைப்பதற்கு முன் ஒரு சின்ன வேடிக்கை. ஆளுக்கு ஒரு மரம் கொண்டுவரட்டும். இரண்டையும் ஒரே பருமனாகச் செதுக்கி, தூண்மேல் கிடத்தி நெல் மூட்டை ஏற்றிப் பார்ப்போம்."

ஏற்றினார்கள். மந்திரியின் மரம் ஒன்பதாவது மூட்டையில் மடாரென்று ஒடிந்தது. காடையன் மரம் இருபதைத் தாங்கிக்கொண்டு சும்மா கிடந்தது.

தச்சு ஆசாரி குனிந்து பார்த்தார். "தள்ளித் தள்ளி நட்டதுல பக்கக் கிளையெல்லாம் பெருத்துடுச்சு மகாராஜா. கிளை இருந்த இடமெல்லாம் கணு. அங்கதான் ஒடிஞ்சிருக்கு. நெருக்கத்துல வளந்த மரத்துல கிளை சின்னதுலயே காஞ்சு விழுந்துடும். இழை நேரா ஓடுது பாருங்க."

மந்திரி அசரவில்லை. வெட்கம் என்பது அவர் வீட்டுப் பக்கமே போகாது. "விறகாய் விற்றாலும் எமக்கே லாபம்" என்றார்.

"மேளத்துக்கும் யானைக்கும், தண்ணீர் சுமந்தவன் கூலிக்கும் ஆன செலவைக் கழித்தீர்களா ஐயா?" என்றான் கொழுந்தப்பன்.

"அஃது அரச காரியம். அதைக் கழிப்பதாவது..." என்று மந்திரி ஆரம்பித்தார். அரை நாழிகை ஆகியும் நிறுத்தவில்லை. ராஜாவுக்குக் கொட்டாவி வந்தது.

"அரசே," என்றான் கொழுந்தப்பன், "இவரை விட்டால் மண்டபம் கட்டி முடிகிறவரை பேசுவார். கொடுத்த சரிவில் என்ன செய்தார்கள் என்று ஆளுக்கு ஒரே வார்த்தையில் சொல்லட்டும். அதை எழுதிவைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மந்திரி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "நட்டம்" என்றார்.

காடையன் மெதுவாக, "விட்டம்" என்றான்.

கொழுந்தப்பன் அதை எழுதிய ஓலையை வாங்கி உரக்க வாசித்தான். "கிழக்குச் சரிவு நட்டம். மேற்குச் சரிவு விட்டம். தீர்ப்பை அவர்களே சொல்லிவிட்டார்கள் அரசே. முப்பத்தாறு வருடத்தில் மந்திரியார் காட்டிய ஒரே சரியான கணக்கு இதுதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழைய ஓலையைக் கிழித்துப் போட்டு, கிழக்குச் சரிவையும் காடையனிடமே கொடுத்தார். கொழுந்தப்பன் கையில் தங்கக் காப்பு ஏறியது.

மந்திரி பதறிப்போய், "யாம் சொன்னது நட்டோம் என்ற பொருளில்" என்று குழறினார்.

"தெரியும் ஐயா," என்றான் கொழுந்தப்பன். "நட்டது நீங்கள். நட்டம்தான் எங்களுக்கு."