முப்பத்தெட்டாம் வளைவில் நின்ற பேருந்து

விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். நடந்தது முழுவதையும் கேளுங்கள். பிறகு உங்கள் மனம் யார் பக்கம் சாய்கிறதென்று பாருங்கள்.

சேலத்தில் குழந்தைவேலு என்பவருக்குப் பத்தொன்பது பேருந்துகள் இருந்தன. எல்லாமே மலைப்பாதையில் ஓடுபவை. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சிறு கருவியைப் பொருத்தியிருந்தார். என்ஜின் சூடு, பேட்டரி, பிரேக்குக்குத் தேவையான காற்றழுத்தம் எல்லாவற்றையும் அது நிமிடத்துக்கு நிமிடம் சேலம் அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கே கணினித் திரையில் அத்தனை வண்டிகளையும் கவனிப்பது தில்ஷாத்தின் வேலை. நான்கு வருடப் பழக்கத்தில் ஒவ்வொரு வண்டியின் குணமும் அவளுக்கு அத்துப்படி.

முதலாளி போட்டிருந்த விதி ஒன்றுதான். தில்ஷாத் எச்சரிக்கலாம், நிறுத்துவதா ஓட்டுவதா என்பது ஓட்டுநரின் முடிவு.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழாம் எண் பேருந்து கொல்லிமலையிலிருந்து நாற்பத்திரண்டு பேருடன் இறங்கத் தொடங்கியது. ஓட்டுபவர் அர்த்தநாரி, அந்த எழுபது வளைவுகளிலும் இருபத்தாறு வருடம் ஓட்டியவர். பயணிகளில் ஒருத்தி பவளக்கொடி. பதினொரு மணிக்குள் நாமக்கல் போய்ச் சேர்ந்தால் அவளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் காற்றழுத்தம் கொஞ்சம் குறையும், உடனே ஏறிவிடும். அன்று அதே பாதையில் இறங்கிய மூன்றாம் எண் வண்டியில் அப்படித்தான் இருந்தது. ஏழாம் எண்ணில் மட்டும் குறைந்தது குறைந்தபடியே நின்றது. அழுத்தக் கணக்கு ஏழரை, ஏழு, ஆறேகால் என்று இறங்கியது. ஐந்துக்குக் கீழே போனால் பிரேக்கை நம்ப முடியாது. தில்ஷாத் நடத்துநரை அழைத்தாள். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு அர்த்தநாரியின் அருகே பிடித்தார்.

"அண்ணா, காத்து இறங்கிக்கிட்டே இருக்கு. ஓரமா நிறுத்துங்க."

"எனக்கு முன்னால இருக்கற மீட்டர் முள்ளும் இறங்கித்தாம்மா இருக்கு. ஆனா மிதிச்சா நல்லாப் பிடிக்குது. முள்ளு தப்பாக் காட்டும், என் காலுக்குத் தெரியும்."

"இருக்கலாம்ணா. இப்ப அஞ்சே முக்கால். இன்னும் முப்பது வளைவுக்கு மேல இருக்கு. நிறுத்துங்க."

மேலிருந்து முப்பத்தெட்டாம் வளைவில், பாறையை ஒட்டி இடம் அகலமாக இருந்த பக்கம், அர்த்தநாரி வண்டியை நிறுத்தினார்.

பவளக்கொடி சான்றிதழ்ப் பையோடு முன்னால் வந்தாள். "அண்ணே, பிரேக் இருக்கா, இல்லையா? உங்களுக்கு என்ன தோணுது?"

"இருக்குன்னுதான் தோணுதும்மா."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?"

அர்த்தநாரி கீழே இறங்கினார். பின்னால் வந்த வண்டிகளை மறித்து அவளுக்கு இடம் கேட்டார். எல்லாம் மூட்டைகளோடு நிரம்பி வந்தவை, ஒன்றும் நிற்கவில்லை.

மெக்கானிக் அடிவாரத்திலிருந்து ஏறி வரவும் சோதிக்கவும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. காற்று எங்கும் கசியவில்லை. அழுத்தத்தை அளக்கும் சென்சார் பழுதாகியிருந்தது. வண்டியின் முள்ளும் சேலத்துத் திரையும் அந்த ஒரே சென்சாரிலிருந்துதான் கணக்கை வாங்குகின்றன. இரண்டும் ஒன்றாகவே தவறிப்போயின. அர்த்தநாரியின் கால் சொன்னதுதான் உண்மை.

பவளக்கொடி கல்லூரிக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.

மறுநாள் அவள் நேராகச் சேலம் அலுவலகத்துக்கு வந்தாள். அழவில்லை. "என் இடம் போனதுக்கு யாரு பொறுப்பு? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

குழந்தைவேலுவுக்கு முகம் கறுத்தது. "இனிமே மலையில டிரைவர் சொல்றதுதான் சட்டம். திரையைப் பார்த்துட்டு நிறுத்துன்னு யாரும் வற்புறுத்தக் கூடாது" என்றார்.

தில்ஷாத்துக்கு இரவெல்லாம் உறக்கமில்லை. ஆனாலும் குரல் தடுமாறவில்லை. "நாளைக்கு அதே நம்பர் வந்தாலும் நிறுத்தத்தான் சொல்லுவேன் சார். வேண்டாம்னா இந்த நாற்காலியில வேற ஆளை உக்கார வைங்க."

அங்கே வந்திருந்த அர்த்தநாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நிறுத்தினது நான்தாங்க. பிரேக் தில்ஷாத் புள்ள கையில இல்ல, என் காலுக்குக் கீழ இருந்துச்சு."

தில்ஷாத் கணினிக்குத் திரும்பினாள். வண்டி எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, அழுத்தம் எப்படி இறங்கியது எல்லாவற்றையும் திரையிலிருந்து தாளில் எடுத்தாள். பவளக்கொடியை அழைத்துக்கொண்டு அன்றே நாமக்கல் போனாள். கல்லூரியின் சேர்க்கை அதிகாரி முதலில் முடியாது என்றார். மாலை நான்கு மணிவரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள். கடைசியில் அவர் அந்தத் தாள்களை வாங்கிப் படித்துவிட்டு, மீதி இடங்களுக்கான இரண்டாம் சுற்றில் பவளக்கொடியின் பெயரைச் சேர்த்தார். இடம் கிடைக்குமென்று உறுதி சொல்லவில்லை.

இப்போது சொல்லுங்கள். எண்ணை நம்பி நிறுத்தச் சொன்னவள் தில்ஷாத். பிரேக் பிடிக்கிறதென்று தோன்றியும் நிறுத்தியவர் அர்த்தநாரி. இனி திரையைப் பார்த்து யாரும் வற்புறுத்தக் கூடாது என்றவர் குழந்தைவேலு. இந்த மூவரில் மிகச் சரியாக நடந்துகொண்டவர் யார்?

விடை: அர்த்தநாரி. குழந்தைவேலு முடிவைப் பார்த்தபிறகு விதியை மாற்றினார். சென்சார் பழுதென்று அந்த வளைவில் எவருக்கும் தெரியாது. தில்ஷாத் கண்ணில் பட்டதை நம்பினாள், நம்பியதைச் சொன்னாள். அது சரிதான், அவள் கடமையும் அதுவே. அர்த்தநாரியோ தாம் நம்பாத ஒன்றுக்காக நிறுத்தினார். தம் கால் தவறியிருந்தால் நாற்பத்திரண்டு பேரின் உயிர் போகும். திரை தவறியிருந்தால் ஒரு காலைப்பொழுதுதான் போகும். எந்தத் தவறைத் திருத்த முடியும் என்று மட்டுமே அவர் பார்த்தார். ஆனால் அவர் செய்தது சரி என்பதால் பவளக்கொடி இழந்தது இல்லையென்று ஆகிவிடாது. தில்ஷாத் நாமக்கல் கல்லூரி வாசலில் நான்கு மணிவரை நின்றது அதற்காகத்தான்.