டாக்டர் பிடித்த யானை

அறையில் ஒருவர் ஓயாமல் பேசுகிறார், ஒருவர் கேட்கிறார், ஒருவர் வாயே திறக்கவில்லை. இவர்களில் பயிற்சி யாருக்கு? சொல்லுங்கள் பார்ப்போம்.

மனநல ஆலோசகர்களை மேற்பார்வையிடப் பழகவந்த டாக்டர் சபாநாயகம், புது ஆலோசகர் மெர்சியை, சிறுமி நிறைமதியின் எதிரிலேயே அதட்டினார்.

"மூணு வாரமா இந்தக் குழந்தை பேசலை. இன்னைக்குப் பேசவைக்கலேன்னா உனக்குச் சான்றிதழ் கிடையாது!"

பிறகு அரைமணி நேரம் அவரே பேசினார். மெர்சி பொறுமையாக, குழந்தைகள் விளையாட வைத்திருந்த களிமண்ணை அவரிடம் நீட்டினாள்.

"சார், நீங்களே ஒரு யானை பிடிச்சுக் காட்டுங்க. பேசினா தும்பிக்கை கோணிடும்."

டாக்டர் வாயை மூடிக்கொண்டு உருட்டினார்.

"மாமா, இது பன்னி!" என்றாள் நிறைமதி.

"பார்த்தியா, பேசவச்சுட்டேன்!"

"ஆமா சார். நீங்க வாயை மூடினதும் குழந்தை பேசுச்சுன்னு உங்க பயிற்சி நோட்டுல எழுதட்டுமா?"

டாக்டர் சட்டென்று மெர்சியின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் யார் வரவேண்டும் என்று நிறைமதியைக் கேட்டார்கள். இரண்டு பேரும் வரலாம், மாமா மட்டும் பேசக்கூடாது என்றாள்.