அண்ணாச்சி போன ஆழம்

கடல் கதைன்னதும் சுறா வரும்னு காத்திருக்கீங்களா? சுறா இல்லங்க, லேப்டாப்தான் வருது.

தூத்துக்குடியில டைவிங் கிளப் நடத்துற பொன்பாண்டி அண்ணாச்சி, விருந்தாளிங்க முன்னாடி பழைய டைவிங் வாட்ச்சைத் தூக்கிக் காட்டினாரு. “நான் போன ஆழமெல்லாம் இதுலதான் இருக்கு. புது லேப்டாப்ல காட்டலாம்னா, இவ வாட்ச்சை அதோட சரியா சேர்க்கல. ஏட்டி ஜெசிந்தா, இப்பவே சேத்து வை. இல்லேன்னா வேலைய விட்டுப் போ!”

சிலிண்டருக்குக் காத்தடிக்கிற ஜெசிந்தா நிமிர்ந்தா.

“இந்த வாட்ச் சாப்ட்வேர் புது லேப்டாப்ல ஓடாது அண்ணாச்சி. அதுக்கென்ன, ஆழம் வாட்ச்சுலயே தெரியும்லா? கட்டிக்கிட்டு ஒருதடவ கடலுக்குள்ள போயிட்டு வாங்க. எல்லாரும் நேர்லயே பாத்துருவோம்.”

விருந்தாளிங்க கைதட்டினாங்க. அண்ணாச்சி வாட்ச்சை மெல்லப் பைக்குள்ள போட்டாரு.

அவரு சம்சாரம் பதறி ஓடிவந்தாங்க. “யம்மா ஜெசிந்தா, அவுகளுக்கு நீச்சலே தெரியாதும்மா!”