கோப்பில் இல்லாதவள்

கூகைமலை அடிவாரத்து மடத்துக்குத் தலைவி உலகம்மை. வயது முப்பத்தெட்டு. அவருடைய சீடர் பூவலிங்கத்துக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. சென்னையில் கணினி வேலை பார்த்துச் சலித்துப்போய், அமைதி வேண்டும் என்று வந்து சேர்ந்தவர். அவருக்கு அமைதி கிடைத்ததோ இல்லையோ, மடத்துக்கு ஒரு கணினி கிடைத்தது.

மலை ஏறுகிறவர்களுக்குச் சாவடியில் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். வழியெல்லாம் நட்டிருக்கும் கம்பங்கள் அந்தப் பட்டையைக் கவனித்துக்கொண்டே இருக்கும். இப்போது மலைமேல் யார் யார் என்று கால் மணிக்கொரு தரம் சாவடியிலிருந்து மடத்துக் கணினிக்கு ஒரு பெயர்ப்பட்டியல் வரும். கணினிக்காரர்கள் அதை ஜேசன் கோப்பு என்பார்கள். இறங்கி வந்து பட்டையைக் கழற்றிக் கொடுத்தால், அடுத்த கோப்பில் அவர் பெயர் இருக்காது.

பொழுது சாய்ந்த பிறகும் மேலே தங்கிப்போனவர்களைக் கூட்டிவருவது மடத்தின் பொறுப்பு. முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு மடத்து ஆட்கள் மலைப்பாதையின் முதல் வளைவுவரை ஏறி, வாயருகே கை குவித்து, "மேலே யாரூ..." என்று கூவுவார்கள். பதில் வருகிறதா என்று நின்று கேட்பார்கள்.

பூவலிங்கம்தான் அதை நிறுத்தினார்.

"எதுக்கு அம்மை இவங்க தொண்டை கிழியணும்? சாவடிக் கோப்பும் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கிற பதிவும் தானாவே ஒத்துப்போற மாதிரி எழுதிட்டேன். கோப்பில் புதுப் பெயர் வந்தா, பதிவில் சேரும். இருக்கிற பெயர்னா, எந்த வளைவுல நிக்கிறாங்கன்னு மாறும். கோப்பில் இல்லைன்னா, பதிவு அழிஞ்சிரும்."

"அழிஞ்சிருமா?"

"இறங்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

உலகம்மை பதில் சொல்வதற்குள் சமையல்கட்டிலிருந்து மாடக்கண்ணு குரல் கொடுத்தார். "யாருய்யா அந்த ஜேசன்? கால் மணிக்கொரு தரம் வாராரு. ஒருநாளாவது ஒரு வாய் சாப்பிட்டுப் போகக் காணோமே!"

மடமே சிரித்தது. பூவலிங்கமும் சிரித்தார். கூவுகிற ஆட்கள் அன்றிலிருந்து சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஆடி அமாவாசை வந்தது. காலையிலிருந்தே விடாத மழை. கூட்டமெல்லாம் இறங்கி, வானம் மங்குகிற வேளையில் ஒரு மனிதர் நனைந்த வேட்டியோடு மடத்துச் சன்னலருகே வந்து நின்றார்.

"ஐயா, எம் பொண்டாட்டி இன்னும் இறங்கலை. பேச்சித்தாய்னு பேரு."

பூவலிங்கம் தேடினார். திரையில் ஒன்றுமில்லை.

"இறங்கியிருப்பாங்களே."

"நான் முதல் படியிலயே உக்காந்திருக்கேன் ஐயா. மூட்டுவலி, ஏற முடியல. என்னைத் தாண்டித்தானே வரணும்?"

பூவலிங்கம் இன்னொரு முறை தேடினார். அவருக்கு அந்த மனிதர்மேல் கோபமில்லை. இரக்கம்தான். இரக்கத்தோடுதான் சொன்னார்.

"அப்போ அவங்க ஏறவே இல்லை."

"ஏறலையா?"

"இங்கே அப்படி ஒரு ஆளே இல்லைங்க. சாவடிக் கோப்பும் இதேதான் சொல்லுது. வீட்ல ஏதாவது மனவருத்தமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பஸ்ஸுல வரும்போது நாலு வார்த்தை ஏசிட்டேன்."

"அதான். கோபத்துல ஊருக்குத் திரும்பியிருப்பாங்க. கடைசி பஸ் கிளம்பப் போகுது, ஓடுங்க."

அவர் ஓடினார். மூட்டுவலியோடு ஓடினார்.

சற்று நேரத்தில் உலகம்மை வந்து கேட்டார். "மேலே யாராவது?"

"ஒருத்தருமில்லை அம்மை. சுத்தம்."

மறுநாள் காலை, தேனெடுக்கப் போனவர்கள் பேச்சித்தாயைக் கயிற்றுக்கட்டிலில் தூக்கிவந்தார்கள். மூன்றாம் வளைவில் வழுக்கி விழுந்து, கால் முறிந்து, பாதி உடம்பு ஓடைநீரில் மூழ்கியபடி கிடந்திருக்கிறாள். நீருக்குள் கிடந்த பட்டை அப்போதே செத்துவிட்டது. பட்டை செத்த அடுத்த கோப்பில் அவள் பெயர் இல்லை.

அவளுக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. "யாராச்சும் கூவுவாங்கன்னு சொன்னாங்க" என்றாள். "காதைத் தீட்டிக்கிட்டே கிடந்தேன்."

சுற்றியிருந்த முகங்களில் தேடிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் எங்கே?"

"ஊருக்குப் போயிருக்கார், தாயி" என்றார் உலகம்மை.

"தேடாமலயா?"

பூவலிங்கம் வாயைத் திறந்தார். சொல்லவேண்டியது இன்னதென்று தெரிந்தது. அதைச் சொல்லாமல், அவள் ஊருக்குச் செய்தி அனுப்ப எழுந்து போனார்.

செய்தி போய், நடுப்பகலில் புருஷன் வந்து சேர்ந்தார். கட்டிலருகே மண்டியிட்டார்.

"இவங்கதாம்மா சொன்னாங்க. நீ ஏறவே இல்லைன்னு கம்ப்யூட்டரைப் பாத்துச் சொன்னாங்க."

பேச்சித்தாய் அவரைப் பார்த்தாள்.

"என்னைப் படிவரைக்கும் கொண்டாந்து விட்டது நீங்கதானே?"

அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூவலிங்கம் கணினிமுன் போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழவில்லை. மாடக்கண்ணு இலையைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஜேசனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இலையை எடுத்துக்கொண்டு போனார்.

உலகம்மை வந்து பக்கத்தில் நின்றார்.

"அழிக்கிற வரியை எடுத்துட்டேன் அம்மை. ஒண்ணே ஒண்ணுதான் விளங்கலை. பதிவில் இருக்கிறவங்க கோப்பில் வரலைன்னா இனிமே என்ன செய்யட்டும்?"

"போய்ப் பாருங்க."

"அதை எப்படி எழுதுறது?"

"எழுதாதீங்க, லிங்கம். போய்ப் பாருங்க."

அவர் குனிந்தபடியே இருந்தார்.

"காலையிலேயே நீங்களாவது என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், அம்மை."

"எந்த வாயால? நேத்து நானும் உங்களைத்தான் கேட்டேன். மலையைக் கேட்கலை."

மழை விட்டிருந்தது. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பேச்சித்தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த வண்டி.

பூவலிங்கம் நிமிர்ந்தார். எதையாவது சரி செய்துவிட்டதாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

"ஆனா அவங்க பதிவு போகலை. நேத்துக் காலையில எடுத்த நகல் இருந்துச்சு. அதிலிருந்து மீட்டுட்டேன். பேரு, ஊரு, ஏறின நேரம், கூட வந்தவர் பேரு. எதுவும் குறையலை. முன்னாடி இருந்த மாதிரியே இருக்கு அம்மை."

உலகம்மை வாசலைப் பார்த்தார். பூவலிங்கமும் பார்த்தார்.

கட்டிலை வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புருஷன் உள்ளே ஏறி நின்று, மனைவி பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். பேச்சித்தாய் அந்தக் கையைப் பார்த்தாள். வண்டிக் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது. கதவைச் சாத்தினார்கள்.

உலகம்மை கேட்டார்:

"அதுக்கு நகல் வச்சிருக்கீங்களா, லிங்கம்?"